சுத்த ரத்தம், ரோஸ் மூக்கு

"ஹஸ்கியா, ராஜபாளையமா? நீங்களே சொல்லுங்கண்ணே."

சித்திரை வெயில் தார் ரோட்டைப் பாகாக்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். வாடிப்பட்டி டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த தம்பி, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். இரண்டு படங்கள். ஒன்றில் நீலக் கண், பஞ்சு வால், பின்னால் பனிமலை. இன்னொன்றில் பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பின்னால் ஒரு புல்லட். வரன் பார்க்கிற வீட்டில் போட்டோவைச் சுற்றுக்கு விடுவார்களே, அப்படி மாற்றி மாற்றித் தள்ளிக் காட்டினான்.

இப்ப எதுக்குடா நாய் என்றேன்.

"வீடு கட்டியாச்சு, காரு வாங்கியாச்சு. கேட்டுக்கிட்ட ஒண்ணு நின்னாத்தானண்ணே எடுப்பா இருக்கும்? அதான், நம்ம லைஃப்ஸ்டைலுக்கு எது செட் ஆகும்னு பாக்குறேன்."

லைஃப்ஸ்டைல்! நான்குவழிச் சாலை போட்ட நாளிலிருந்து பாதி பஸ் ஊருக்குள் வராமல் மேலேயே பறந்துவிடுகிறது. இந்தச் சொல் மட்டும் எந்த பஸ்ஸைப் பிடித்து வந்து இங்கே சரியாக இறங்கியதோ.

தம்பியின் லைஃப்ஸ்டைல் எனக்குத் தெரியும். எட்டு மணிக்கு எழுந்திருப்பான். தென்னந்தோப்பை வெட்டிச் சமப்படுத்தி, கல் ஊன்றி, கலர் கொடி கட்டி மனையாக விற்பது தொழில். ராத்திரி பத்துக்கு மேல்தான் வீடு. ஒரு நாளைக்கு அவன் நடக்கிற தூரம், வீட்டு வாசலிலிருந்து கார் வரைக்கும். மனைவி மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். பிள்ளைகள் இரண்டும் ஏழரைக்கு வேனில் ஏறினால் டியூஷன் முடிந்து இருட்டித்தான் வரும். பகலெல்லாம் வீட்டில் இருப்பது மாமியார். அவருக்கு நாய் என்றாலே ஆகாது. இந்த லைஃப்ஸ்டைலுக்கு செட் ஆகிற ஒரே பிராணி சுவர்ப்பல்லி. அது யாரையும் கேட்காமல் ஏற்கெனவே குடிவந்திருக்கும்.

ஆனாலும் கேட்டுவிட்டான். ஹஸ்கியிலிருந்தே ஆரம்பிப்போம்.

சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த வம்சம் அது. 1925-ல் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் பரவிக் குழந்தைகள் சாகத் தொடங்கினார்கள். விமானம் கிளம்ப முடியாத குளிர். 20 வண்டிக்காரர்களும் சுமார் 150 நாய்களும் ஆள் மாற்றி ஆள் மாற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பனியில் ஓடி, ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில் ஊரைக் காப்பாற்றிய அந்தச் சாதியை, பூஜ்யத்துக்கு மேலே 40 டிகிரியில், டைல்ஸ் பதித்த போர்ட்டிகோவில் கட்டிவைத்து ரீல்ஸ் எடுக்கப் போகிறானாம்.

"சிறுமலைக் காத்து வருதுல்லண்ணே. நம்ம ஊரு கொஞ்சம் குளுகுளுன்னுதான் இருக்கும்."

குட்லாடம்பட்டி அருவியே மழை பெய்தால்தான் தலையைக் காட்டுகிறது. இவனுக்குக் குளுகுளு!

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றச் சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து இரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். ஹஸ்கிக்கு அதற்கு மேல் இரண்டு அடுக்கு ரோமம். "மொட்டை போட்டுவிட்டா சரியாப் போகும்ல?" என்று கேட்டார் டீ மாஸ்டர். பழனிக்கு நேர்ந்துவிட்ட பிள்ளையா அது? அந்த ரோமம்தான் வெயிலுக்கும் குடை. சிரைத்துவிட்டால் தோல் வெந்துபோகும். அப்படியானால் ஏசி போட்டுவிடுகிறேன் என்றான் தம்பி. ஏசி இருப்பது ஹாலில். ஹாலுக்குள் நாயை விட மாமியார் சம்மதிக்கமாட்டார். ஆக, சைபீரியா போர்ட்டிகோவில் வேகும், ஏசி மாமியாருக்கு ஓடும்.

தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தத் தட்பவெப்பம் ஒத்துவராது என்று 11 இனங்களைப் பட்டியல் போட்டது. ஹஸ்கி அதில் உண்டு. செயின்ட் பெர்னார்ட் உண்டு, சௌ சௌ உண்டு, பக் உண்டு. பட்டியலைப் பார்த்துக் கொதித்தவர்களும் உண்டு. நாய்கள் கொதித்தபோது அவர்களுக்குக் கொதிக்கவில்லை. பக் என்றதும் நினைவுக்கு வருகிறது: 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே அது நடந்தது, மறு வருஷம் அண்ணாநகர் முதல் ஆண்டிப்பட்டி வரை வசதியுள்ளவர் வீட்டுக்கெல்லாம் வந்துவிட்டது. முகம் தட்டையாக இருந்தால் அழகு என்று தலைமுறை தலைமுறையாக மூக்கை அமுக்கி அமுக்கி உண்டாக்கிய இனம். நான்கு படி ஏறினால் மூச்சு முட்டும், தூங்கினால் குறட்டை. அந்தக் குறட்டையைப் படம் பிடித்து 'க்யூட்' என்று எழுதினோம். மூச்சுத் திணறலுக்கு லைக் போட்ட ஜனங்கள் நாம்.

வாங்குவது எங்கே? அதற்கும் தம்பியிடம் பதில் இருந்தது. இன்ஸ்டாகிராமில் ஒரு ஆள். மாணிக்கவாசகருக்காக நரியைப் பரியாக்கிய கதை மதுரைக்காரனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சொக்கநாதர் கொடுத்த பரியே ஒரு ராத்திரிதான் தாங்கியது, விடிவதற்குள் லாயத்தில் ஊளைச் சத்தம். இந்த வியாபாரிகளின் பரி மூன்று மாதம் தாங்குகிறது. அதற்குப் பிறகு காது மடங்கும், வால் மெலியும், ஹஸ்கி மெதுவாக நம்ம ஊர் முகத்துக்குத் திரும்பும். பணத்தை ஜிபேயில் தட்டினால் குட்டி ராத்திரி ஆம்னி பஸ்ஸில் கூடையில் வந்துவிடும், முருங்கைக்காய்க் கட்டுக்கும் கருவாட்டு மூட்டைக்கும் நடுவே. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. தம்பி காட்டிய வீடியோவில் இருந்தது, கண்ணே சரியாகத் திறக்காத குட்டி. பதிவு எண் என்னவென்று கேளுடா என்றேன். கேட்டான். "நம்பிக்கை இருந்தா வாங்கு ப்ரோ" என்று பதில் வந்தது. நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். ஜிபேயில் போகிற காசு 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுக்கும், அதோடு சரி.

"அப்ப ராஜபாளையம்தாண்ணே" என்றான் தம்பி. ஹஸ்கியை இழந்த வருத்தமே முகத்தில் இல்லை, திடீரென்று ஒரு கொள்கை வந்து உட்கார்ந்துகொண்டது. "நம்ம மண்ணு நாய். நம்ம நாயை நம்மதானண்ணே காப்பாத்தணும்?"

இங்கே நான் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். அலங்காநல்லூரும் பாலமேடும் எங்கள் தாலுகா. 'நம்ம மண்ணு' என்றால் இங்கே ஆளுக்கு ஆள் புல்லரிக்கும், எனக்கும்தான். ராஜபாளையம் கம்பீரமான நாய் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால் தலை போட்டபோது நான்கில் ஒன்று இது. ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. இந்த நாய்கள் அழிகின்றன, அழிகின்றன என்று தியடோர் பாஸ்கரன் பல வருஷமாக எழுதிப் பார்த்தார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் ரேடியோவில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னதும் எல்லோருக்கும் மண்வாசனை அடித்துவிட்டது.

சரி, அந்த மண்ணின் மைந்தனை எங்கே வைக்கப் போகிறாய்? அது காவல் நாய். ஒரு ஆளுக்குக் கட்டுப்படும், வேற்றாளை நம்பாது, ஓட இடம் கேட்கும். பண்ணையிலும் தோப்பிலும் ராத்திரி முழுக்கச் சுற்றிவந்த உடம்பு. தோப்பை எல்லாம் மனை போட்டு விற்றவன் வீட்டு போர்ட்டிகோவில், மூன்றடிச் சங்கிலியில், 'நாய்கள் ஜாக்கிரதை' பலகைக்குக் கீழே அது நிற்க வேண்டும். பலகையிலாவது 'நாய்கள்' என்று பன்மை மரியாதை இருக்கிறது.

அன்றே வியாபாரிக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில்.

"அப்பா யாருண்ணே? அம்மா? போட்டோ இருக்கா? கலப்பு ஏதும் இல்லைல்ல? உடம்புல எங்கயாச்சும் ஒரு புள்ளி, கிள்ளி?"

"என்ன தம்பி இப்புடிக் கேட்டுட்டீங்க! சுத்த ரத்தம். அண்ணன் தங்கச்சிக்குச் சேத்து எடுத்த குட்டி. வெளி ரத்தம் ஒரு சொட்டு கிடையாது."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். இவனும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டான்.

எனக்கு டீ இறங்கவில்லை. இதே பெஞ்சில், இதே கேள்விகளை, இதே வரிசையில் போன தை மாதம் கேட்டிருக்கிறேன். அன்று பேச்சு இவன் சித்தப்பா மகளுக்கு வந்த வரனைப் பற்றி. யார் வீடு, எந்தத் தெரு, அம்மா வழி என்ன, தாத்தா எங்கிட்டிருந்து வந்தார், கலப்பு ஏதும் உண்டா. பையன் என்ன படித்திருக்கிறான் என்ற கேள்வி கடைசியில் வந்தது, அதற்குள் வரனே கைவிட்டுப் போயிருந்தது. ஒரே கேள்வித்தாளை இரண்டு பரீட்சைக்கும் வைத்திருக்கிறார்கள். அங்கே முகத்தின் நிறத்தைக் கேட்டார்கள், இங்கே மூக்கின் நிறம். கலப்பு வந்துவிடக்கூடாது என்று பெற்ற பிள்ளையையே கொன்றுவிட்டு அதற்குக் கௌரவம் என்று பெயர் வைத்த நாட்டில், நாய்க்குட்டிக்கு வம்சாவளி கேட்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

சுத்தத்துக்கு நாய் என்ன விலை கொடுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்காது வேலை செய்ய அங்கேயும் நிறமிச் செல்கள் வேண்டும். வெள்ளை, வெள்ளை என்று வெள்ளையையே பொறுக்கி, நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால், சில குட்டிகளுக்கு அந்தச் செல்கள் உள்காதில் இல்லாமல் போகும். பிறந்த சில வாரத்துக்குள் கேட்கும் திறன் பட்டுப்போகும். ராஜபாளையத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த குறை. நல்லபடியாக வளர்க்கிறவர்கள் இதைக் கவனித்துத்தான் ஜோடி சேர்க்கிறார்கள். வாங்கப் போகிறவன் குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒருதரம் கையைத் தட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

"காதைப் பாத்தியாடா?"

"அதை எங்கண்ணே பாக்குறது, வீடியோவுல. ஆனா மூக்கு நல்ல ரோஸு."

இவ்வளவு நேரமும் பெஞ்சுக்குக் கீழே ஒன்று படுத்திருந்தது. செவலை நிறம். ஒரு காது மடங்கியது, ஒரு காது நிமிர்ந்தது. அப்பன் யாரென்று அதற்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. பெயர் கிடையாது, எல்லோரும் 'ஏய்' என்பார்கள், அதுவும் திரும்பிப் பார்க்கும். விடியற்காலையில் கடை ஷட்டருக்குப் பக்கத்தில் வேற்றாள் நின்றால் குரைக்கிறது அதுதான். எத்தனையோ தலைமுறை சித்திரை வெயிலில் தேறிவந்த உடம்பு. ஏசி கேட்காது. வாயைத் திறந்து கேட்பது ஒரு பன்னு மட்டுமே. அந்தப் பன்னு கவர் பிரிகிற சத்தம் பஸ் ஸ்டாண்டு மறுமுனையில் இருந்தாலும் அதன் காதில் விழுந்துவிடும். கலப்பு ரத்தத்தின் காது.

"இது எப்புடிடா?" என்று காலால் சுட்டினேன்.

"ச்சை, தெரு நாய்ணே! இதுகளைப் பிடிக்கச் சொல்லித்தான் மனு எழுதியிருக்கோம். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று காரிலிருந்து தாளை எடுத்து வந்தான்.

தெருநாய்த் தொல்லையைக் கிண்டல் செய்கிற ஆள் நானில்லை. 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள். 43 பேர் வெறிநாய்க்கடி நோயில் செத்துப்போனார்கள். அந்த நோய் முற்றிவிட்டால் பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணத்தான் தேறுவார்கள். ஸ்கூலுக்கு நடந்து போகிற பிள்ளை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறது. மனு கொடுக்க வேண்டிய விஷயம்தான். தாளை வாங்கி முழுக்கப் படித்தேன். கருத்தடை என்ற சொல் இல்லை. தடுப்பூசி என்ற சொல் இல்லை. கறிக்கடைக் கழிவை வாய்க்கால் ஓரம் கொட்டாதே என்று ஒரு வரி இல்லை. பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2023 விதிகள் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22-ஆம் தேதியே அதை மாற்றி, வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் தவிர மற்றதைத் திரும்ப விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலைய வளாகங்களிலிருந்து அகற்றச் சொன்னது. நீதிமன்றமே இவ்வளவு தூரம் முட்டி மோதுகிற விஷயத்தை எங்கள் மனு ஒரே சொல்லில் முடித்திருந்தது: 'அப்புறப்படுத்தவும்.' எங்கே? சோழவந்தானுக்கா? அவர்கள் யாரும் இதே மாதிரி ஒரு மனு எழுதாமலா இருப்பார்கள்?

தெருவுக்கு வருகிற நாயெல்லாம் தெருவில் பிறந்ததும் இல்லை. நான்குவழிச் சாலை சர்வீஸ் ரோட்டில் ஒரு லாப்ரடாரைப் பார்த்தேன். கழுத்தில் பெல்ட் இருந்த தடம் வழுக்கையாகத் தெரிந்தது. சும்மா படுத்திருக்கும். வெள்ளைக் கார் வந்தால் மட்டும் எழுந்து நிற்கும். கார் போனதும் திரும்பப் படுத்துக்கொள்ளும். நான்கு நாள் அப்படி நின்றது. ஐந்தாம் நாள் ரோட்டில் ஒட்டிக் கிடந்தது. யாருடைய லைஃப்ஸ்டைலுக்கோ செட் ஆகவில்லை.

வீட்டு நாய் மட்டும் கடிக்காதா என்ன? 2024 மே 5-ஆம் தேதி, சென்னை நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் குதறின. பூங்காக் காவலாளியின் மகள். பூங்காவிலேயே குடியிருந்த குடும்பம். வீடு என்று அவர்களுக்கு இருந்ததே அதுதான், அங்கே கொண்டுவந்து விட்டது யாரோ ஒருவருடைய அந்தஸ்தை. அதற்கு இரண்டு மாதம் முன்னால் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நாயில் எந்த இனம் ஆபத்து என்று எல்லோரும் பட்டியல் போடுகிறார்கள். சங்கிலியின் இந்த முனையைப் பிடித்திருக்கிற இனத்துக்கு ஒருத்தரும் பட்டியல் போடவில்லை.

மனுவில் கையெழுத்துப் போடவில்லை. தம்பியிடம் சொன்னேன்: ரெண்டும் வேண்டாம். எடுப்புக்கு வாசலில் ரெண்டு சிமெண்ட் சிங்கம் வை, மழை வந்தால் அதுவே குளித்துக்கொள்ளும். உசிருள்ளதுதான் வேணும் என்றால் இந்தா கீழே படுத்திருக்கு, கூட்டிப்போ, அரசு கால்நடை மருந்தகத்தில் ஊசி போடு, ராத்திரி ரெண்டு வாய் சோறு வை. தம்பி சிரித்தான். டீ மாஸ்டர் சிரித்தார். 'ஏய்' தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

மறு வாரமே ராஜபாளையம் வந்து இறங்கியது. 'பாண்டியன்' என்று பெயர் வைத்தான். ஒரு மாதம் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். ஆடியில் சங்கிலி ஏறியது. "கூப்பிட்டா வர மாட்டேங்குதுண்ணே. ராஜ வம்சம்ல, அந்தத் திமிரு" என்றான். அப்புறம் அந்தத் திமிரை அடக்கக் கம்பை எடுத்தான். கம்பு கண்ணில் பட்டால் பதுங்கும், பின்னாலிருந்து வந்தால் அடி விழுந்த பிறகுதான் துள்ளும். புரட்டாசியில் ஒரு சாமி ஊர்வலம் அந்தத் தெரு வழியாகப் போனது. வாடிப்பட்டி மேளம் என்றால் ஏழு ஊருக்குக் கேட்கும். போர்ட்டிகோவைத் தாண்டும்போது நின்று ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போனார்கள். பாண்டியன் அவர்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது, திரும்பவே இல்லை.

தீபாவளி ராத்திரி தெருவில் பத்தாயிரம் வாலா வெடித்தபோது 'ஏய்' டீக்கடைப் பாய்லருக்குப் பின்னால் போய் ஒடுங்கியது, இரண்டு நாள் வெளியே வரவில்லை. பாண்டியன் தூங்கிக்கொண்டிருந்தது. நான் போர்ட்டிகோவுக்குப் போய் அதன் தலைக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினேன். இரண்டாம் தரம் பலமாகத் தட்டினேன். காது அசையவில்லை.

அடுத்த வாரம் தம்பியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாண்டியன் படம், புல்லட்டுக்குப் பக்கத்தில். கீழே எழுதியிருந்தது:

"ராஜபாளையம் ஆண். எட்டு மாசம். சுத்த ரத்தம், ரோஸ் மூக்கு. செம தைரியம், பத்தாயிரம் வாலாவுக்கே அசையாது. நேரமின்மையால் விற்கப்படுகிறது. 30 ஆயிரம், கறார் விலை."